தங்க நகரின் தாகம்

மாணவர்களே, ஜோகூரின் பெக்கோக் ஆற்றில் ஓர் அணை உண்டு. பெக்கோக் ஊருக்கு அருகில் எண்டாவ்-ரோம்பின் மழைக்காடும் உண்டு. இப்படி நீர்வளம் மிக்க மாநிலத்தில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவது யாருக்கும் வியப்பாக இல்லை. ஆனால், கோலார் தங்க வயலின் கதையை நீங்கள் அறிய வேண்டும்.

இந்தியாவின் கர்நாடகப் பீடபூமியில் உள்ள அந்தச் சுரங்க நகரில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். சுரங்கத்தின் ஆழம் 3 கிலோமீட்டருக்கும் மேல். 1902இலேயே அங்கு மின்சாரம் வந்துவிட்டது. குடிநீரையோ பாலாற்றில் உள்ள பேத்தமங்கலம் ஏரியிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. அதே வேளையில், பாறை இடுக்குகளில் ஊறிய நீரைச் சுரங்கத்திலிருந்து இயந்திரங்கள் வெளியே இறைத்துக்கொண்டிருந்தன!

2001இல் சுரங்கம் மூடப்பட்டது. இறைப்பு நின்றதும் சுரங்கத்தில் நீர் நிரம்பியது. மேலே வாழ்ந்த மக்களோ தண்ணீர் லோரிக்காகக் காத்திருந்தார்கள்.

அந்தச் சுரங்க நீரையே குடிக்கலாமே என்று கேட்பீர்கள். தாதுப் பாறைகளுக்கிடையே தேங்கிய நீரில் உலோகங்கள் கரைந்திருக்கலாம். சோதித்துச் சுத்திகரிக்காமல் குடிப்பது ஆபத்து.

ஆகவே, நீர் இருந்தால் மட்டும் போதாது. ஆறு, ஏரி, சுத்திகரிப்பு, குழாய், பராமரிப்பு என எல்லாம் சேர்ந்தால்தான் அது குடிநீர். தங்கம் தீர்ந்தால் வேறு தொழில் தேடலாம். தண்ணீருக்கு மாற்று இல்லை.

உங்கள் வீட்டுக்கு எந்த ஆற்றிலிருந்து நீர் வருகிறது? இந்த வாரமே கேட்டறியுங்கள். அந்த ஆற்றில் யாராவது குப்பை கொட்டினால் சும்மா இருக்காதீர்கள்.