பனி வயலைப் பார்த்து விழுது, நிவாரணம் பிர்க்காவைப் பார்த்து வருது!

 

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். சமவெளியில் இருப்பவர்களுக்கு அது போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும் சமாச்சாரம். நீலகிரியில் பள்ளத்து நிலத்தில் காய்கறி போட்டுப் பிழைக்கும் நமக்கோ, அடகு வைத்த நகை வீட்டுக்குத் திரும்புமா திரும்பாதா என்கிற சமாச்சாரம்.

கார்த்திகை, மார்கழிப் பனி நமக்குப் புதிதல்ல. அது வரும் என்று தெரியும், அதற்குத் தக்கபடிதான் நிலத்தில் பயிர் வைத்திருப்போம். நம்மை மோசம் பண்ணுவது பிந்தி வருகிற பனிதான். தை பிறந்ததும் நீர்போகத்துக்கு நிலத்தைக் கொத்தி, விதைக்கிழங்கு ஊன்றி, குழித்தட்டு நாற்று வாங்கி நட்டு முடிக்கிறோம். பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. இனி பனி போச்சு என்று நினைக்கிறோம். மாசியில் ஒரு நாள் சாயங்காலம் காற்று அப்படியே நின்று போகும். வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். விடிந்து போய்ப் பார்த்தால் பள்ளம் முழுக்க உப்பைக் கொட்டிய மாதிரி வெள்ளை. ஒன்பது மணி வெயில் பட்டதும் இலை வெந்த கீரை மாதிரி தொங்கும். சாயங்காலத்துக்குள் கருப்பு!

இப்படி ஒரு மாசி விடியலில் நம் சங்கத்து அம்மா ஒருவரின் நிலத்தில் நாங்கள் நின்றோம். கணவர் இல்லை. நாற்பது சென்ட் குத்தகை நிலம், ஒரு சாண் வளர்ந்த உருளைக்கிழங்கு. நகைக்கடன் போட்டு வாங்கிய விதை. ஒரே ராத்திரியில் முடிந்து போயிருந்தது. அங்கிருந்து இருநூறு அடி மேலே, சரிவில், பக்கத்துக்காரர் கிழங்கு பச்சைப் பசேலென்று நிற்கிறது. பார்வையிட வந்தவர் மேலே ஒரு பார்வை, கீழே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார்: "மேல நல்லாத்தானே இருக்கு? பனின்னா எல்லாத்துக்கும்தானே அடிச்சிருக்கணும்? நீங்க மருந்து கிருந்து தப்பா அடிச்சிட்டீங்களா?" அந்த அம்மா பதில் சொல்லவில்லை. நாங்கள் சொன்னோம். ஆனால் எழுதிக்கொண்டு போனது அவர் கேள்வியைத்தான்.

அந்தக் கேள்விக்கான பதில் நம் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நிலத்தைக் காப்பாற்றவும் அதுதான் வேண்டும், நிவாரணம் கேட்கவும் அதுதான் வேண்டும்.

பகலில் மண் வெயிலைக் குடிக்கிறது. ராத்திரி அந்தச் சூட்டை வானத்துக்கு விடுகிறது. மேகம் இருந்தால் அதில் ஒரு பங்கு திரும்பி வரும். மேகம் இல்லை, காற்றும் இல்லை என்றால் சூடு போயே போச்சு. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துப் போகிறது. கனத்த காற்று என்ன செய்யும்? தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். கேத்தி பாலாடா, முத்தொரை பாலாடா, கப்பத்தொரை, நஞ்சநாடு பக்கத்துப் பள்ளங்களில் விவசாயம் செய்கிறவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மேட்டில் நிற்கும்போது தெரியாத குளிர், ஓடைக்கு இறங்கினால் காலைக் கடிக்கும். செடி இருப்பது தரைமட்டத்தில். பேப்பரில் வருகிற குறைந்தபட்ச வெப்பம் ஆள் நெஞ்சு உயரத்தில், கூண்டுக்குள் இருக்கிற மானியில் எடுத்தது. அங்கே 3 டிகிரி காட்டும் அன்றைக்கே இங்கே இலை மேல் பனி உறைந்து கிடக்கும். ரெண்டும் பொய்யில்லை. இடம் வேறு, அவ்வளவுதான்.

இனி நாம் செய்ய வேண்டியது. இதில் நாங்களும் பல வருஷம் தப்பாகச் செய்தவர்கள்தான், அதையும் மறைக்காமல் சொல்கிறோம்.

தண்ணீர் மிச்சமாகும் என்று தை மாதத்தில் வரிசைக்கு நடுவே காய்ந்த புல்லைப் பரப்பி வைத்தோம். பனிக்கு அந்தப் பாத்திதான் முதலில் போயிற்று. காரணம் பிறகுதான் புரிந்தது. மண்ணுக்குள் இருக்கிற சூடு ராத்திரி மேலே வந்து செடிக்குச் சேர வேண்டும். புல் மெத்தை அதைத் தடுத்துவிட்டது. அதே மாதிரி புதிதாகக் கொத்திக் களை எடுத்த மண்ணும் பொலபொலவென்று காற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு சூட்டை விடாது. ஆகவே பனி மிரட்டுகிற வாரத்தில் கொத்தாதீர்கள். வரிசைக்கு நடுவே உள்ள புல்லை ஒதுக்குங்கள். மண் இறுகலாகவும் ஈரமாகவும் இருக்கட்டும். முந்தின நாள் மதியமே தண்ணீர் கட்டிவிடுங்கள். ஈர மண்தான் பகல் சூட்டை அதிகம் பிடித்து வைக்கும்.

நாற்றை மூடுவது வேறு விஷயம். புல், வைக்கோல், பெரணித் தழை, சாக்கு, பழைய வேட்டி, எது கிடைத்தாலும் செடிக்கு மேலே வர வேண்டும், ஓரம் தரையைத் தொட வேண்டும். பொழுது சாய்வதற்கு முன்பே மூடினால்தான் மண் சூடு உள்ளே நிற்கும். எட்டு மணிக்கு மேல் டார்ச் அடித்துக்கொண்டு போய் மூடுவதில் பாதிப் பயன்கூட இல்லை. காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் ஷீட் போடுகிறவர்கள் கவனிக்கவும்: ஷீட் இலையைத் தொட்டால் தொட்ட இடம் கருகும். மூங்கில் குச்சியை வளைத்து ஊன்றி அதன் மேல் போடுங்கள். அப்படிப் போட்டாலும் சாதாரண பாலிதீன் சூட்டை வெளியே விடும், சாக்கும் துணியும் அதைவிட மேல்.

உருளைக்கிழங்கு இப்போதுதான் முளைத்து வெளியே வந்திருக்கிறது என்றால் சுலபமான வழி உண்டு. மண்ணையே மேலே அணைத்து மூடிவிடுங்கள். நாலு நாளில் திரும்ப வெளியே வரும். பனி அடித்து மேல் இலை கருகிவிட்டாலும் அன்றைக்கே ஆத்திரத்தில் பிடுங்காதீர்கள். ஒரு வாரம் பாருங்கள். மண்ணுக்குள் கண் உயிரோடு இருந்தால் துளிர்க்கும். உருளையும் பீன்ஸும்தான் முதலில் விழுகிறவை. கேரட், பீட்ரூட், முட்டைகோஸ், பூண்டு லேசான பனியைத் தாங்கும். ஆனால் நிழல்வலைக்குள் சொகுசாக வளர்ந்த கோஸ் நாற்றை நேரே பள்ளத்தில் கொண்டு போய் நட்டால் அதுவும் தாங்காது. ஒரு வாரம் வெளியில் வைத்து, தண்ணீரைக் குறைத்து, பழக்கி நடுங்கள். நாற்று பச்சையாகத் தெரிய வேண்டும் என்று யூரியாவை அள்ளிப் போடுவதும் இந்த நேரத்தில் வேண்டாம். இளசாகக் கொழுத்த இலைதான் சீக்கிரம் உறையும்.

ஸ்பிரிங்ளர் விஷயத்தில் பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். தண்ணீர் பனிக்கட்டியாக மாறும்போது கிராமுக்கு 80 கலோரி சூட்டை வெளியே விடுகிறது. அந்தச் சூடுதான் இலையைக் காப்பாற்றுகிறது. ஆனால் தெளிப்பு நின்று போய், ஈரம் ஆவியானால் கிராமுக்கு 600 கலோரிக்குப் பக்கமாக இலையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். கொடுத்ததைப் போல ஏழு மடங்கு! அதாவது ஸ்பிரிங்ளர் போட்டால் உறைவதற்கு முன்பே போட வேண்டும், காலையில் ஐஸ் உருகும் வரை நிறுத்தக் கூடாது. அதிகாலை மூன்று மணிக்குக் கரண்ட் போனால் போடாமல் இருந்ததை விட மோசம். ஓடையில் அவ்வளவு தண்ணீர் இல்லாதவர்கள் இந்த வழிக்குப் போகவே வேண்டாம். பனி உறைந்த பிறகு காலையில் ஹோஸ் பிடித்துக் கழுவுகிறோமே, அது வெள்ளையைக் கழுவும். உறைந்து உடைந்த இலையைத் திருப்பித் தராது.

புகை போடுவதும் அப்படித்தான். புகை பார்க்கக் கம்பளி மாதிரி இருக்கிறது, ஆனால் சூட்டைத் தடுக்காது. உதவுவது நெருப்பின் சூடு மட்டும்தான். அதற்குச் சின்னச் சின்னதாகப் பல இடத்தில் போட வேண்டும். காடு ஓரத்தில் நிலம் வைத்திருப்பவர்கள் மாசி மாதக் காய்ச்சலில் நெருப்பு வைத்து வனத்துறை கேஸில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

இன்னும் ஒன்று, இது காசு செலவில்லாதது. நிலத்தின் கீழ்ப்பக்கம் அடர்த்தியாக வேலி, புதர், குப்பைமேடு இருந்தால் அது குளிர் காற்றுக்கு அணை கட்டின மாதிரி. அங்கங்கே திறந்து விடுங்கள், காற்று ஓடைக்கு இறங்கிப் போகட்டும். வேலி அடர்த்தி மேல்பக்கம் இருக்கட்டும்.

இவ்வளவும் செய்தாலும் சில ராத்திரிகளில் தோற்கத்தான் போகிறோம். அப்போதுதான் அரசாங்கம் என்று ஒன்று எதற்கு என்கிற கேள்வி வருகிறது.

பயிர்க் காப்பீடு இருக்கிறதே என்பார்கள். 2016-ல் பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் வந்தது. அறிவித்த பயிருக்கு, அறிவித்த பகுதியில், தோட்டக்கலைப் பயிர் என்றால் நாம் 5 சதவீதம் வரை கட்டுகிறோம். இழப்பு கணக்கிடுவது எப்படி? மலைக்காய்கறிக்குக் குறுவட்டம், அதாவது பிர்க்கா அளவில் மகசூல் சராசரி. மேட்டு நிலம், சரிவு, பள்ளம் எல்லாவற்றையும் ஒரே படியில் போட்டு அளக்கிறார்கள். பத்து நிலத்தில் இரண்டு பள்ளத்து நிலம் கருகினால் சராசரி எங்கே விழும்? அந்த அம்மாவின் நாற்பது சென்ட் அந்தக் கணக்கில் தூசு.

தனி வயலாகப் பார்த்து இழப்பு தருவதற்கும் அதே திட்டத்தில் இடம் உண்டு. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, வெள்ளம் தேங்குதல், மேகவெடிப்பு, மின்னலால் பிடிக்கும் தீ ஆகியவற்றுக்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தால் வயலுக்கே வந்து பார்க்க வேண்டும். இந்த வரிசையில் உறைபனி இல்லை! ஆலங்கட்டி விழுந்தால் வயல் கணக்கு, ஆலங்கட்டி மாதிரியே இடம் பார்த்து விழும் உறைபனிக்குப் பிர்க்கா கணக்கு. இது என்ன நியாயம்?

பேரிடர் நிவாரண நிதியின் பட்டியலில் உறைபனியும் குளிர் அலையும் இருக்கின்றன. அது நம் உரிமை, யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் 2022-ல் திருத்திய விதிப்படி 33 சதவீதத்துக்குக் குறையாமல் பயிர் அழிந்திருக்க வேண்டும். பாசன நிலத்துக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500. ஏக்கருக்குப் போட்டுப் பார்த்தால் பாசன நிலத்துக்கே ஏழாயிரம்கூட வரவில்லை. ஒரு ஏக்கர் உருளைக்கு விதைக்கிழங்கு மட்டும் சுமார் 1 டன் ஆகிறது. கிலோ 30 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் விதைக்கே 30,000. உரம், ஆள் கூலி, மருந்து தனி. குத்தகைக்காரருக்கும் கூட்டுப் பட்டாவில் பெயர் தனியாக இல்லாதவருக்கும் இந்த ஏழாயிரமும் கைக்கு வருவதற்குள் செருப்பு தேய்ந்துவிடும்.

நாம் கேட்பது ஒன்றும் வானத்து நிலா இல்லை. உறைபனியைத் தனி வயல் இழப்பு வரிசையில் சேர்க்க வேண்டும். பள்ளத்து நிலங்களில் தரைமட்டக் குளிரை அளக்கும் மானிகளை அரசே வைத்து, அந்த அளவைச் சாட்சியாக ஏற்க வேண்டும். பனி மூடுதுணியை மானியத்தில் கார்த்திகைக்கு முன்பே கொடுக்க வேண்டும், பங்குனியில் கொடுத்து என்ன பிரயோஜனம்? பனி எச்சரிக்கை உள்ள ராத்திரிகளில் பம்ப் லைனில் மின்தடை கூடாது. அடங்கலில் பயிர் செய்கிறவர் பெயர் ஏற வேண்டும். நிவாரணத் தொகையை விதை விலையை ஒட்டி உயர்த்த வேண்டும்.

இதற்குச் சாட்சியம் நம்மிடம்தான் இருக்க வேண்டும். குறைந்தபட்ச வெப்பம் காட்டும் சின்ன மானி ஒன்றை நாலு பேர் சேர்ந்து வாங்கிப் பள்ளத்தில், செடி உயரத்தில் கட்டுங்கள். தினம் காலை பார்த்து நோட்டில் தேதியோடு எழுதுங்கள். பனி அடித்த அன்று வெயில் ஏறுவதற்கு முன்பே, வெள்ளை தெரியும்போதே போட்டோ எடுங்கள். மத்தியானம் எடுத்த கருகின இலையைக் காட்டினால் நோய் என்று சொல்லி விடுவார்கள். அன்றே வி.ஏ.ஓ.விடமும் தோட்டக்கலை அலுவலரிடமும் எழுத்தில் மனு கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டவே வேண்டாம்.

மாவட்ட ஆட்சியர் நடத்தும் மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு இம்முறை ஊருக்கு இரண்டு பேர் போதாது, பள்ளத்தில் நிலம் வைத்திருக்கும் அத்தனை பேரும் வாருங்கள். குத்தகைக்காரர்கள் கட்டாயம் வாருங்கள். அந்த அம்மாவும் வருகிறார். நோட்டு, போட்டோ, மனு நகல், இவற்றோடு கருகின செடியை வேரோடு பிடுங்கி ஒரு சாக்கில் கட்டி எடுத்து வாருங்கள். மேசை மேல் கொட்டுவோம், பிறகு பேசுவோம்.