படுவான்கரையில் ஞாயிறு

மட்டக்களப்பு வாவியின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும், மேல்கரையைப் படுவான்கரை என்றும் பெயரிட்டனர் நம் முன்னோர். ஞாயிறு படுகின்ற அக்கரையிலே, வவுணதீவில், அதன் ஒளியை மின்சாரமாக்கும் 10 மெகாவாட் நிலையம் இன்று இயங்குகின்றது.

இத்தகைய நிலையங்களில், நிலத்தில் நாட்டிய சட்டங்களின்மேல் சிலிக்கன் தகடுகள் நிரைநிரையாய்க் கிடக்கும். அவை தரும் நேரோட்டத்தை இன்வேட்டர்கள் ஆடலோட்டமாக மாற்ற, அது நாட்டின் மின்கட்டமைப்பிற் சேரும். புகையில்லை, எரிபொருட் செலவில்லை. தூசியும் பறவைகளின் எச்சமும் படியாமற் கழுவுதலும், நிழல் விழாமற் புல்வெட்டுதலுமே ஓயாத பணி.

ஆயினும் குறையொன்றுண்டு. உச்சிப்பொழுதில் உழைக்கும் ஞாயிறு, நாம் விளக்கேற்றும் வேளையில் விடைபெறுகின்றது. 2025ஆம் ஆண்டுச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிலே, தொழிற்சாலைகள் மூடியிருக்க, பகல் மின்சாரம் தேவைக்கு மிஞ்சிற்று. வீட்டுக்கூரைகளிலுள்ள சூரியத் தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மக்களைக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது மின்சார சபைக்கு. இரவிலோ நிலக்கரியையும் எண்ணெயையும் நாடுகின்றோம்.

ஆதலின் தகடுகளை மட்டும் பெருக்கிப் பயனில்லை. பகலில் மிகுவதை இரவுக்குச் சேமிக்கும் மின்கலங்களும் உடன் வேண்டும். விளைந்த நெல்லைக் களஞ்சியத்திற் சேர்த்துவைக்கும் படுவான்கரை உழவருக்கு இதனை நாம் எடுத்துரைக்கவும் வேண்டுமோ?