பொங்கலுக்கு மட்டும் வேண்டிய வீடு

காரைக்கால் பக்கத்து நெடுங்காட்டை விட்டுப் பிழைக்கப் போன நமக்கு ஊர் வீட்டின் மேல் பாசம் அதிகம். "அதை மட்டும் விற்கவே கூடாது" என்று சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பாரீசிலிருந்தும் சொல்லிவிடுவோம். அந்த வீட்டில் இருப்பவர்கள் எழுபதைத் தாண்டிய இரண்டு பேர். பல வீடுகளில் ஒருவர்தான். அவர்களுக்கு அது வேண்டுமா என்று நாம் கேட்டதில்லை.

திண்ணை, ரேழி, முற்றம், கூடம், இரண்டாங்கட்டு, கொல்லை என்று நீளும் வீடு, கூட்டுக்குடும்பம் புழங்கக் கட்டியது. குறுவை, சம்பா நெல்லுக்குப் பத்தாயம் இருந்தது. இன்று நிலம் குத்தகையில், பத்தாயம் காலி. ஐப்பசி மழைக்கு முன் ஓடு மாற்ற ஆள் கிடைப்பதில்லை. கழிவறை கொல்லைக் கோடியில் இருக்கிறது. ராத்திரியில் ஈர முற்றத்தைத் தாண்டிப் போய்வர வேண்டும். அந்த வயதில் வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். தெரிந்தும் கூடத்தை ஒட்டி ஒரு கழிவறை கட்டவில்லை, சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வைக்கவில்லை. கேமரா மட்டும் வாங்கி மாட்டினோம்.

பிள்ளைகள் வெளியே போக, பெரியவர்கள் வீட்டோடு தனியே நிற்பது காரைக்கால்காரர்களுக்குப் புதிதல்ல. 1962 ஆகஸ்ட் 16-ல், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர்களை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை எழுதிக் கேட்டுப் பெற ஆறு மாதம் அவகாசம் இருந்தது. எழுதிக் கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் கடல் தாண்டினார்கள். பெரிய வீட்டுக்கு வயசானவர்கள் காவல் இருப்பதை அப்போதிருந்தே பார்க்கிறோம். பார்த்துப் பார்த்து, அதுதான் முறை என்று நம்பிவிட்டோம்.

வீட்டைப் பற்றிப் பேசிய நாட்களில் பாகத்தைப் பற்றித்தான் பேசினோம். பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எழுதி வாங்கிய பிள்ளை கைவிட்டால், பத்திரத்தைச் செல்லாததாக்கப் பெற்றோர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று 2007-ல் சட்டமே போட வேண்டியிருந்தது. அறுபது தாண்டியவர்கள் சொந்த வீட்டை வங்கியில் ஈடு வைத்து, அதிலேயே குடியிருந்தபடி மாதாமாதம் பணம் வாங்கும் திட்டமும் அதே காலத்தில்தான் வந்தது. கடனை அவர்கள் காலத்துக்குப் பிறகு வாரிசுகள் அடைக்கலாம்; இல்லாவிட்டால் வங்கி வீட்டை விற்று எடுத்துக்கொள்ளும். இப்படி ஒரு வழி இருப்பதை நம்மில் எத்தனை பேர் அப்பாவிடம் சொன்னோம்? நம் பங்கு கரையுமே என்று வாயை மூடிக்கொண்டோம்.

நம்மில் சிலர் நேர்மாறாகச் செய்தோம். அவசரமாக விற்று, அம்மாவைச் சென்னை அடுக்ககத்தில் கொண்டுபோய் வைத்தோம். வீடு சிறிதானது, பெருக்கும் வேலை குறைந்தது. ஆனால் பால்காரர் முதல் கோயில் குருக்கள் வரை பெயர் சொல்லி விசாரித்த ஒரு தெருவையே அவரிடமிருந்து எடுத்துவிட்டோம். விற்காதே என்றவர்களும் விற்றவர்களும் முடிவைத் தாங்களே எடுத்தோம் என்பதில் வித்தியாசம் இல்லை.

இருக்கும் வழிகள் சில. இரண்டாங்கட்டை அடைத்து முன்கட்டில் மட்டும் வாழலாம். அதே தெருவில் இரண்டு அறை வீடு பார்க்கலாம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கமாகக் காரைக்கால் டவுனில் வாடகைக்குப் போகலாம். எதுவும் வேண்டாம் என்று இருந்த இடத்திலேயே இருக்கலாம். கால் நன்றாக நடக்கும்போதே இதைக் கேட்க வேண்டும். விழுந்த பிறகு கேட்டால் அவர்கள் தேர்ந்தெடுக்க ஒன்றும் மிஞ்சாது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பாகப் பேச்சை ஒதுக்கிவிட்டு, அவர்களுக்கு எது சௌகரியம் என்று கேட்போம். இங்கேயேதான் என்றால், லீவு முடிவதற்குள் கொத்தனாரைக் கூப்பிட்டுக் கழிவறை வேலையைத் தொடங்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். விற்றுவிடு என்றால், பொங்கலுக்கு நாம் தங்க இடமில்லாமல் போவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.