வைத்தியரும் மருந்தாளரும்

சட்டம் ஏட்டில் இருப்பது வேறு. அதன் பயன் ஏழையின் வீட்டை எட்டுவது வேறு. பதிவு பெற்ற மருந்தாளரே வைத்தியரின் சீட்டுக்கு மருந்து வழங்க வேண்டுமென்று 1948-ஆம் வருஷத்து மருந்தியல் சட்டம் விதித்தது. சீட்டைப் பரிசீலிப்பதும், நோயாளிக்கு மருந்தைப் பற்றி எடுத்துரைப்பதும் அவரது கடமையென 2015-ஆம் வருஷத்து விதிகள் கூறின. நடைமுறையிலோ பெரும்பாலும் மாத்திரையை எடுத்துக் கொடுத்துக் காசு வாங்குவதோடு காரியம் முடிந்துவிடுகிறது.

இதனால் விளையும் கேட்டைக் காஞ்சிபுரத்தில் வைத்துப் பார்ப்போம். குழித்தறியில் காலை இறக்கி நாள் முழுதும் குனிந்திருக்கும் நெசவாளிக்கு இடுப்பு வலி வருவது இயல்பே. இரத்த அழுத்தத்துக்கு வைத்தியர் மாத்திரை எழுதுகிறார். வலிக்கு நெசவாளி தாமே கடையில் கேட்டு வேறொன்றை விழுங்குகிறார். வலி மாத்திரையை நெடுநாள் உண்டால் அழுத்தம் ஏறலாம், சிறுநீரகம் கெடலாம் என்று எச்சரிக்க ஆளில்லை. இரு வைத்தியர்கள் இரு பெயர்களில் எழுதிய ஒரே மருந்தை இரட்டிப்பாக உண்ண நேர்வதும் உண்டு. நீரிழிவோ கண்ணையும் காலையும் தாக்கவல்லது. ஜரிகை பார்க்கும் கண்ணும், தறி மிதிக்கும் காலுமன்றோ நெசவாளியின் மூலதனம்!

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. அது பாராட்டத்தக்கதே. ஆயினும், வாசலுக்கு வரும் மாத்திரையை வீட்டிலுள்ள மற்ற மாத்திரைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர் யார்?

இங்கிலாந்தில் 2015 முதல் குடும்ப வைத்தியரின் நிலையத்திலேயே மருந்தாளரைச் சம்பளத்துக்கு அமர்த்தும் ஏற்பாடு பரவி வருகிறது. நோயாளி உண்ணும் மருந்துகள் அனைத்தையும் அவர் பரிசீலித்து, வேண்டாதவற்றை நிறுத்துமாறு வைத்தியருக்கு யோசனை கூறுகிறார். இது நமக்கு முற்றிலும் புதிதன்று. டாக்டருக்குப் பக்கத்தில் கம்பவுண்டர் இருந்து மருந்து கலந்து கொடுத்த காலம் நம் ஊர்களிலும் இருந்தது. இன்று தேவைப்படுபவர் மருந்தை ஆராய்ந்து சொல்பவர். அதற்குரிய கல்விக்கும் குறைவில்லை. ஆறு வருஷத்துப் ‘பார்ம் டி’ படிப்பு 2008 முதல் நம் தேசத்தில் நடைபெறுகிறது.

மருந்தாளர் வைத்தியராகிவிடுவார் என்று சிலர் அஞ்சக்கூடும். நோயைக் கண்டறிவதும் மருந்து எழுதுவதும் வைத்தியரின் பொறுப்பாகவே இருக்கட்டும். ஆனால் விற்பனையால் பிழைப்பவர் ‘இம்மருந்து வேண்டாம்’ என்று சொல்லத் தயங்குவார்; சம்பளம் பெறுபவருக்கு அத்தயக்கம் இராது. தனி வைத்தியருக்கு இச்செலவு பாரமாயின், நாலைந்து பேர் கூடி ஒருவரை அமர்த்தலாம். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் பங்கு கொள்ளலாம். முதற்கண், நீடித்த நோயுள்ள ஒவ்வொருவரின் மருந்துகளையும் வருஷத்துக்கு ஒரு முறையேனும் ஆரம்ப சுகாதார நிலையத்து மருந்தாளர் பரிசீலிக்குமாறு ஸர்க்கார் ஏற்பாடு செய்தல் வேண்டும். பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் வட்டாரத்தில் இதைத் தொடங்குவதற்கு இனியும் தாமதம் தகாது.