கோஃபுவில் நடந்தது அதிசயம் இல்லை, கணக்கு

2022 அக்டோபர் 16. யோகோஹாமாவின் நிஸ்ஸான் அரங்கில் ஜப்பானின் பேரரசர் கோப்பை கால்பந்து இறுதி ஆட்டம். ஒரு பக்கம் சான்ஃப்ரெச்சே ஹிரோஷிமா. அந்த ஆண்டு முதல் பிரிவான ஜே1ல் மூன்றாம் இடம் பிடித்த அணி. மறுபக்கம் வான்ஃபோரே கோஃபு. இரண்டாம் பிரிவான ஜே2ல் தொடர்ந்து ஏழு ஆட்டங்களில் தோற்றுவிட்டு வந்த அணி. லீக்கை முடித்தபோது 22 அணிகளில் 18வது இடம். கூடுதல் நேரம் முடிந்தும் 1-1. பெனால்டியில் 5-4. கோப்பை கோஃபுவுக்கு!

உடனே ஆரம்பித்துவிட்டார்கள். "அதிசயம்", "தேவதைக் கதை", "சின்ன ஊரின் கனவு". பாராட்டு மாதிரிதான் தெரியும். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒன்றை அதிசயம் என்று சொல்லிவிட்டால் அதற்குக் காரணம் தேட வேண்டாம். அதிலிருந்து யாரும் எதையும் கற்றுக்கொள்ளவும் வேண்டாம். முக்கியமாக, மற்ற ஊர்க்காரர்கள் "நம்மாலும் முடியுமா?" என்று கேட்கவே வேண்டாம். பெரிய முதலாளி இல்லாமல் விளையாட்டு நடக்காது என்று சொல்பவர்களுக்கு இந்த "அதிசயம்" என்ற சொல்லைப்போல வசதியானது வேறெதுவும் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

கோஃபு, யமனாஷி மாநிலத்தின் தலைநகர். டோக்கியோவுக்கு மேற்கே, ஃபூஜி மலைக்கு வடக்கே, நாலா பக்கமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கு. திராட்சைக்கும் ஒயினுக்கும் பெயர் போன இடம். நகரத்தின் மக்கள் தொகை இரண்டு லட்சத்தைத் தொடாது. மாநிலம் முழுவதையும் சேர்த்தாலும் சுமார் எட்டு லட்சம்தான்.

இங்கே 1965ல் "கோஃபு கிளப்" என்று ஒரு கால்பந்து அணி தொடங்குகிறது. உள்ளூர் உயர்நிலைப் பள்ளியின் பழைய மாணவர்கள் ஆடிக்கொண்டிருந்த அணிதான் அதற்கு வேர். பகலில் வேலை, ஓய்வு நேரத்தில் பந்து. சுத்தமான அமெச்சூர்.

அதே 1965ல்தான் ஜப்பானின் முதல் தேசியக் கால்பந்து லீக்கும் தொடங்கியது. அதில் எட்டு அணிகள். எட்டுமே கம்பெனி அணிகள்! மிட்சுபிஷி, ஹிட்டாச்சி, ஃபுருகாவா, யான்மார், யவாட்டா ஸ்டீல், பின்னாளில் மஸ்தா என்று பெயர் மாறிய டோயோ கோக்யோ... இப்படி. ஆட்டக்காரர்கள் கம்பெனியின் சம்பளப் பட்டியலில் இருப்பார்கள். ஜப்பானில் கால்பந்து என்றால் அன்று பெரும்பாலும் ஒரு கம்பெனியின் பணியாளர் நலச் செலவு, அவ்வளவுதான். அந்த அமைப்புக்குள் 1972ல் இரண்டாம் பிரிவு வந்தபோது, எந்தக் கம்பெனியின் பெயரும் இல்லாமல் ஒரு ஊரின் பெயரோடு உள்ளே போன அணி கோஃபு கிளப். பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. ஆனால் காணாமலும் போகவில்லை.

1993ல் ஜே லீக் வந்தது. அதன் முதல் தலைவர் சபுரோ கவாபுச்சி பிடிவாதமாக ஒரு விதியை வைத்தார். அணியின் பெயரில் கம்பெனி பெயர் இருக்கக் கூடாது, ஊரின் பெயர் இருக்க வேண்டும். யோமியுரி பத்திரிகை முதலாளிகளோடு இதற்காக வெளிப்படையாகவே மோதினார். "பணம் போடுகிறவன் பெயர் போட்டுக்கொள்ளக் கூடாதா?" என்பது அவர்கள் கேள்வி. நியாயமாகத்தான் தோன்றும். பதில் 1998ல் கிடைத்தது.

யோகோஹாமா ஃப்ளூகெல்ஸ் என்று ஒரு அணி இருந்தது. பின்னால் ஆல் நிப்பான் ஏர்வேஸ், சாட்டோ கோக்யோ என்ற கட்டுமான நிறுவனம். ஊர் யோகோஹாமா, முப்பது லட்சத்துக்கும் மேல் மக்கள். கோஃபுவோடு ஒப்பிட்டால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 1998ல் சாட்டோ கோக்யோ விலகியது. விமான நிறுவனமும் தனியாகச் சுமக்கத் தயாராக இல்லை. அதே ஊரின் மரினோஸ் அணியோடு ஃப்ளூகெல்ஸ் இணைக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. ரசிகர்களைக் கேட்டார்களா? ஆட்டக்காரர்களைக் கேட்டார்களா? ம்ஹூம். 1999 ஜனவரி 1 அன்று ஃப்ளூகெல்ஸ் தன் கடைசி ஆட்டத்தை ஆடியது. அது எந்த ஆட்டம் தெரியுமா? பேரரசர் கோப்பை இறுதி ஆட்டம். ஷிமிசுவை 2-1 என்று வென்று கோப்பையை வாங்கிவிட்டு அந்த அணி இல்லாமல் போனது.

நாட்டின் கோப்பையை வென்ற அணி, ஆடுகளத்தில் எந்தக் குறையும் வைக்காத அணி, இரண்டு கம்பெனிகளின் முடிவால் மறைந்தது. "முதலாளி இருந்தால்தான் பாதுகாப்பு" என்பவர்கள் இந்த ஒரு வரிக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு மேலே பேசட்டும்.

இப்போது கோஃபு. 1995ல் வான்ஃபோரே என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். பிரெஞ்சு மொழியில் காற்று, காடு என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை. அந்த மண்ணை ஆண்ட தக்கேதா ஷிங்கெனின் போர்க்கொடியில் இருந்த சொற்கள் அவை. 1997ல் நிறுவனமாகப் பதிவு செய்தார்கள். 1999ல் ஜே2 தொடங்கியபோது அதில் இடம் கிடைத்தது. 1999ல் கடைசி இடம். 2000ல் கடைசி இடம். 2001லும் கடைசி இடம்!

2000 முடிவில் கடன் சொத்தை மிஞ்சிவிட்டது. கணக்கு படித்தவர்களுக்கு இது புரியும்: ஐந்தொகையைப் பார்த்தால் அந்த நிறுவனம் செத்துவிட்டது. முக்கியப் பங்குதாரர்களான மாநில அரசு, நகராட்சிகள், உள்ளூர் நாளிதழ்க் குழுமம் ஆகியோர் மூன்று நிபந்தனைகள் வைத்தார்கள். சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு 3000 பார்வையாளர்கள், 5000 ஆதரவு உறுப்பினர்கள், 5 கோடி யென் விளம்பர வருமானம். 2001ல் இந்த மூன்றையும் எட்ட வேண்டும். இல்லையென்றால் கடையை மூட வேண்டியதுதான்.

நாளிதழ்க் குழுமத்திலிருந்து வந்த கசுயுகி உமினோ தலைவரானார். பெரிய கம்பெனி எதுவும் கைகொடுக்காது என்று தெரிந்ததும் அவர் சின்னக் கடைகளிடம் போனார். ஆடுகளத்தைச் சுற்றியுள்ள ஓட்டப் பாதையில் வரிசை வரிசையாக விளம்பரப் பலகைகள். ஒவ்வொன்றும் ஒரு உள்ளூர்க்காரருடையது. அடிபட்ட ஆட்டக்காரரைத் தூக்கிப்போகும் ஸ்ட்ரெச்சரில்கூட விளம்பரம்! சிரிப்பாக இருக்கும். ஆனால் இதிலுள்ள வணிகப் பாடம் விளையாட்டில்லை. ஒரே முதலாளி போனால் நூறு சதவீதம் போச்சு. நூற்றுக்கணக்கான சின்ன விளம்பரதாரர்களில் பத்துப் பேர் போனால் மிச்சம் இருக்கிறது. ஆபத்தைப் பரப்பி வைப்பது என்று வணிகவியலில் முதலாண்டிலேயே சொல்லித்தருவது இதைத்தான்.

மூன்று நிபந்தனைகளும் நிறைவேறின. அதுவும் எந்த ஆண்டில்? அணி மூன்றாம் முறையாகக் கடைசி இடம் பிடித்த 2001ல்! "முதலில் ஜெயிக்கட்டும், பிறகு கூட்டம் வரும்" என்ற வாதம் இங்கே அடிபட்டுப் போகிறது. கோஃபுவில் கூட்டம்தான் முதலில் வந்தது. வெற்றி பின்னால் வந்தது.

2005 டிசம்பரில் ஜே1க்குப் போவதற்கான இரண்டு ஆட்டத் தொடர். எதிரி காஷிவா ரெய்சோல். அதாவது பழைய ஹிட்டாச்சி, 1965ன் அந்த எட்டு அணிகளில் ஒன்று. கோஃபுவில் நடந்த முதல் ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் அரங்கின் விளக்குகள் அணைந்து ஆட்டம் நின்றது. (அப்படி ஒரு பணக்கார அணி!) மறுபடி விளக்கு எரிந்து, 2-1 என்று முடிந்தது. காஷிவாவில் நடந்த இரண்டாம் ஆட்டம் 6-2. ஆறு கோலையும் போட்டவர் பாரே என்ற பிரேசில்காரர் ஒருவரே. தொடங்கி நாற்பது ஆண்டுக்குப் பிறகு கோஃபு முதல் பிரிவுக்குப் போனது.

எதிர்வாதங்களும் உண்டு. அவற்றை மறைத்தால் அது நேர்மை இல்லை.

ஒன்று, கோஃபுவுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. அந்தக் காலத்தில் ஜே2லிருந்து கீழே தள்ளும் விதி கிடையாது. உண்மை. 2012ல் அந்த விதி வந்தபோது, கடைசி இடம் பிடித்த மச்சிதா ஸெல்வியா முதல் ஆண்டே வந்த வழியே திரும்பிப் போனது. ஆனால் கோஃபுவைக் கொல்லப் பார்த்தது கீழிறக்கம் இல்லை, கடன். அதிலிருந்து எந்த விதியும் காப்பாற்றவில்லை.

இரண்டு, மக்களின் வரிப்பணம் ஏன் பந்துக்குப் போக வேண்டும்? நல்ல கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்டதே அந்தப் பங்குதாரர்கள்தான். அவர்கள் காசோலையை நீட்டவில்லை, இலக்கை நீட்டினார்கள். பொதுப்பணத்தை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

மூன்று, அதே மச்சிதாவை 2018ல் சைபர் ஏஜென்ட் நிறுவனம் வாங்கியது. 2024ல் அணி ஜே1ல் ஆடி மூன்றாம் இடம் பிடித்தது. பணம் வேலை செய்கிறதே? செய்கிறது, யார் இல்லையென்றது! ஆனால் 2019ல் புதிய முதலாளி அணியின் பெயரை "எஃப்சி மச்சிதா டோக்கியோ" என்று மாற்றப் போனபோது ரசிகர்கள் எதிர்த்தார்கள், அவர் திட்டத்தைக் கைவிட்டார். முதலாளிக்கு முன்பே அங்கே ஊர் இருந்தது. பணம் மாடி கட்டும். அஸ்திவாரம் ஊர்க்காரர்கள் போட்டது.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு 2022ஐத் திரும்பப் பாருங்கள். எதிரே நின்ற ஹிரோஷிமா யார்? அதே டோயோ கோக்யோவின் வாரிசு. 1965ல் தொடங்கிய லீக்கின் முதல் நான்கு பட்டங்களையும் வென்ற கம்பெனி அணி. அந்த இறுதிவரை கோஃபு வென்ற ஜே1 அணிகள் ஐந்து. ஐந்து முறை தொடர்ந்து நடப்பதற்கா அதிசயம் என்று பெயர்? கூடுதல் நேரத்தில் பந்து கையில் பட்டு பெனால்டி கொடுத்துவிட்டார் 42 வயது ஹிதேயோமி யமமோட்டோ. கோல்காப்பாளர் கவாட்டா அதைத் தடுத்தார். பிறகு பெனால்டிச் சுற்றில் வெற்றி உதையை உதைத்தவரும் அதே யமமோட்டோதான். 2003லிருந்து, அணி மேலே போனபோதும் கீழே விழுந்தபோதும், அங்கேயே இருந்தவர்.

பரிசாக ஆசிய சாம்பியன்ஸ் லீக். சொந்த அரங்கு ஆசியத் தரத்துக்குத் தேறாததால் சொந்த ஊர் ஆட்டங்களை டோக்கியோ தேசிய அரங்கில் ஆட வேண்டியிருந்தது. அப்படியும் 2023ல் மெல்போர்ன் சிட்டி, புரிராம், ஜெஜியாங் இருந்த பிரிவில் முதலிடம். அடுத்த சுற்றில் உல்சானிடம் தோற்றார்கள். லீக்கிலோ ஜே2தான்.

இதுவும் முக்கியம். கோஃபு உலகத்தை வென்றுவிடவில்லை. 2006ல் மேலே போய் 2007ல் விழுந்தது, 2011ல் போய் உடனே விழுந்தது, 2013லிருந்து ஐந்து ஆண்டு தாக்குப்பிடித்து மறுபடி விழுந்தது. விழும்போதெல்லாம் அணி இருந்தது. ஃப்ளூகெல்ஸ் ஒருமுறைகூட விழவில்லை, ஆனால் இன்று இல்லை. எது வெற்றி என்பதை இந்த இரண்டு அணிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முடிவு செய்யுங்கள். "அதிசயம்" என்று சொல்லிக் கைதட்டிவிட்டுப் போவது சுலபம். ஸ்ட்ரெச்சரில் இடம் வாங்கிக் காசு கொடுத்த கடைக்காரருக்கு அது செய்கிற மரியாதை இல்லை.