மினாராவுக்கு நிதி உண்டு, உஸ்தாதுக்கு இல்லையா?



இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஜமாஅத்தார் கூடிப் பேசும் இடங்களில் ஒரு புகார் அடிக்கடி எழுகிறது. நம் பிள்ளைகள் மிஷன் பள்ளிகளை நாடிச் செல்கிறார்கள், மக்தபுக்கு வருவோர் குறைந்துவிட்டனர், கிறிஸ்தவர்கள் கல்வியைக் கொண்டு மக்களின் உள்ளங்களைக் கவர்கிறார்கள் என்பதே அப்புகார். கவலை உண்மையானது. ஆனால், அங்கே ஆசிரியர் ஏன் நிலைத்து நிற்கிறார், நம் மக்தபில் உஸ்தாத் ஏன் ஆண்டுதோறும் மாறுகிறார் என்னும் கேள்வியை மட்டும் எவரும் எழுப்புவதில்லை.

கிறிஸ்தவர்களின் திரித்துவக் கொள்கையை நாம் ஏற்பதில்லை. தவ்ஹீதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமே இல்லை. எனினும், ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்யலாகாது என்று கட்டளையிட்டதும் நம் இறைமறைதான். ஆகவே நம் வட்டாரத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை நீதியோடு பார்ப்போம்.

இன்று விருதுநகர் மாவட்டத்தில் அடங்கும் சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிகள் அன்று திருநெல்வேலிச் சீமையின் வடபகுதி. 1854ஆம் ஆண்டு சர்ச் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த தாமஸ் ராக்லண்ட் என்பவர் ஃபென், மெடோஸ் என்னும் இரு தோழர்களுடன் இங்கே ஊர் ஊராகச் செல்லும் ஊழியத்தைத் தொடங்கினார். கேம்பிரிட்ஜின் கார்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் ஃபெலோவாக இருந்தவர் அவர். கரிசல் வெயிலில் கூடாரத்தில் வாழ்ந்து, 1858இல் சிவகாசியிலேயே இறந்தார். இத்தகைய ஊழியர்கள் வெறுங்கையோடு அனுப்பப்படவில்லை. அவர்களது உணவுக்கும் தங்கலுக்கும் நோய்க்கும் பொறுப்பேற்க இங்கிலாந்தில் ஒரு சங்கம் இருந்தது. அச்சங்கத்தின் பின்னே, சிறு சிறு சந்தா செலுத்திய எண்ணற்ற எளிய மக்கள் இருந்தனர்.

பாளையங்கோட்டையின் சாரா டக்கர் கல்லூரியை அறியாத குடும்பம் தென்மாவட்டங்களில் குறைவு. நம் பெண்மக்களும் அங்கே பயில்கின்றனர். அந்தச் சாரா டக்கர் யார்? இந்திய மண்ணில் ஒருநாளும் கால் வைக்காத, உடல் நலிவுற்ற ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. இந்நாட்டுப் பெண்களின் கல்விக்காக அவர் கவலைப்பட்டார். அவர் இறந்தபின் தோழியர் நிதி திரட்டி, அவர் பெயரால் பெண் ஆசிரியர்களைப் பயிற்றும் நிறுவனத்துக்கு வழிசெய்தனர். அது 1895இல் கல்லூரியாக வளர்ந்தது. இறந்த தோழியின் நினைவுக்கு அவர்கள் தேடிய காரியம், ஆசிரியரை உருவாக்குவது. நாமோ மறைந்த பெற்றோரின் நினைவாகப் பள்ளிவாசலுக்கு மின்விசிறியும் கடிகாரமும் வாங்கித் தருகிறோம். அதுவும் நன்மைதான், ஆனால் அவர்கள் பெயரால் ஓர் உஸ்தாதின் ஓராண்டு ஊதியத்தை ஏற்க நமக்கு ஏன் தோன்றுவதில்லை?

"அவர்களுக்கு வெள்ளைக்காரன் ஆட்சி இருந்தது, வெளிநாட்டுப் பணம் இருந்தது, நமக்கு என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்கலாம். பிற்காலத்தில் மிஷன் பள்ளிகள் அரசு மானியம் பெற்றது உண்மை. ஆனால் தொடக்கம் அவ்வாறு இருக்கவில்லை. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவை அங்கிருந்த டேனிஷ் ஆளுநரே சிறையில் அடைத்தார். 1813 வரை கிழக்கிந்தியக் கம்பெனி மிஷனரிகளைத் தன் எல்லைக்குள் தாராளமாக அனுமதிக்கவில்லை.

இதைவிட வலுவான சான்று நம் அண்டை ஊர்களிலேயே உள்ளது. 1903இல் திருநெல்வேலித் தமிழ்க் கிறிஸ்தவர்கள், அசரியா என்பவரின் முன்முயற்சியில் இந்திய மிஷனரி சங்கத்தை நிறுவினார்கள். வெள்ளையர் பணத்தை நம்பாமல், தம் சொந்தக் காணிக்கையைக் கொண்டே தம்மவரை ஊழியத்துக்கு அனுப்ப உறுதி பூண்டார்கள். அனுப்பிய இடம் நிஜாமின் ஆட்சிக்குட்பட்ட தோர்ணக்கல் பகுதி. மொழியோ இராஜபாளையத்து ராஜுக்கள் வீட்டில் பேசும் அதே தெலுங்கு. ஒரு முஸ்லிம் மன்னரின் நாட்டுக்கு, பனையேறிப் பிழைத்தோரும் உழவரும் நிறைந்த திருச்சபைகள் ஊழியரை அனுப்பி ஆதரித்தன. தமிழ்நாட்டில் தோன்றிய ஃபிரண்ட்ஸ் மிஷனரி பிரேயர் பேண்டும் இதே வழியில் வடமாநிலங்களுக்கு ஊழியர்களை அனுப்புகிறது. சம்பளக்காரக் குடும்பங்கள் மாதந்தோறும் எடுத்துவைக்கும் காணிக்கையே அதன் முதுகெலும்பு. இதில் எங்கே இருக்கிறது வெள்ளைக்காரன் ஆட்சி?

இரண்டாவது ஆட்சேபம் மார்க்கத்தின் பெயரால் வருகிறது. "தீனைக் கற்பிப்பது அல்லாஹ்வுக்காக, அதற்குப் பேரம் பேசலாமா? உஸ்தாதுக்கு இக்லாஸ் வேண்டாமா?" என்கிறார்கள். இக்லாஸ் வேண்டும். ஆனால் அதை உஸ்தாதிடம் மட்டுமே தேடுவானேன்? ஊதியம் வழங்கும் நிர்வாகத்தினரிடமும் அது இருக்கவேண்டுமல்லவா?

ஹஜ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்களைவிட இக்லாஸ் உடையவர் இந்த உம்மத்தில் யார்? கலீஃபாவான பின்பும் அவர்கள் வழக்கம்போல் துணி வணிகத்துக்குப் புறப்பட்டபோது, தோழர்கள் தடுத்து, பைத்துல்மாலிலிருந்து குடும்பச் செலவுக்குரிய தொகையை நிர்ணயித்தார்கள். மதீனாவாசிகளுக்குக் குர்ஆனைக் கற்பிக்க நபி (ஸல்) அவர்கள் அனுப்பிய முஸ்அப் பின் உமைர் (ரலி) அவர்களை, அஸ்அத் பின் ஸுராரா (ரலி) தம் இல்லத்தில் தங்கவைத்து உபசரித்தார்கள். பத்ரில் பிடிபட்டவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தோர், பிள்ளைகளுக்குக் கற்பிப்பதையே ஈட்டுத்தொகையாகக் கொடுக்கலாம் என அனுமதிக்கப்பட்டது. ஆசிரியப் பணிக்கு ஒரு விலை உண்டு என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஹனஃபி மத்ஹபின் முற்கால இமாம்கள் குர்ஆனைக் கற்பிப்பதற்குக் கூலி பெறுவதை அனுமதிக்கவில்லை என்பதைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அந்தச் சட்டத்தின் மறுபாதியையும் அவர்கள் படிக்கட்டும். அக்காலத்தில் ஆசிரியர்களுக்கு பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை கிடைத்துவந்தது. அது நின்று, தீன் கல்வியே அழிந்துவிடும் நிலை ஏற்பட்டபோது, பிற்கால ஃபுகஹாக்கள் ஊதியம் பெறலாம் என்று ஃபத்வா வழங்கினார்கள். அந்த ஃபத்வாவின் உயிர் ஆசிரியரைக் காப்பதில் இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் நிஸாமிய்யா மத்ரஸாவை நிறுவியவர்கள் அதற்கு வக்ஃப் சொத்துகளையும் எழுதிவைத்தார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் பாடம் நடத்திய இடம் அது. கட்டடத்தோடு ஆசிரியரின் உணவையும் ஏற்பாடு செய்வதே நம் முன்னோரின் வழக்கம்.

இன்றைய நடைமுறை என்ன? மினாராவை இன்னும் பத்தடி உயர்த்த நன்கொடை கேட்டால் ஒரு ஜும்ஆவிலேயே தொகை சேர்ந்துவிடுகிறது. உஸ்தாதின் ஊதியத்தை உயர்த்தக் கேட்டால், அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்கிறார்கள். நூற்பாலையில் ஷிப்டு பார்க்கும் தொழிலாளிக்குக்கூட வருங்கால வைப்புநிதி உண்டு. ஏழாண்டு ஓதிப் பட்டம் பெற்ற ஆலிமுக்கு எழுத்துப்பூர்வமான நியமனம்கூட இருப்பதில்லை. விளைவு கண்கூடு. திறமையுள்ளவர் வளைகுடாவுக்கு ஓட்டுநராகப் போகிறார் அல்லது கடை வைக்கிறார். ஆலிமின் மகன் ஆலிமாக விரும்புவதில்லை. பின்னர், பிள்ளைகளை மிஷன் பள்ளி பறித்துக்கொண்டது என்று புலம்புகிறோம். எவரும் பறிக்கவில்லை, நாமே கைவிட்டோம்.

எனவே இரு ஊர்களின் ஜமாஅத்தாருக்கும், முத்தவல்லிமார்களுக்கும் சில வேண்டுகோள்கள். உஸ்தாதுக்கும் இமாமுக்கும் எழுத்துப்பூர்வமான நியமனம் கொடுங்கள். ஊரில் ஒரு தொழிலாளி பெறும் கூலிக்குக் குறையாத ஊதியத்தை, மாதத்தின் முதல் தேதியில், அவர் கேட்காமலேயே கொடுங்கள். மருத்துவச் செலவுக்குத் தனி நிதி வையுங்கள். வக்ஃப் கடைகளின் வாடகையில் முதல் உரிமை ஆசிரியருக்கு என்று தீர்மானம் இயற்றுங்கள். வெளிநாட்டில் உழைக்கும் நம் சகோதரர்கள், பத்துப் பேர் சேர்ந்து ஓர் உஸ்தாதின் பொறுப்பை ஏற்கலாம். கேரளத்து மாப்பிள்ளைப் பெண்கள் உலையில் இடும்போது ஒரு பிடி அரிசியைத் தீன் கல்விக்கென எடுத்துவைத்த வழக்கம் நமக்குத் தெரியாததன்று. நம் தாய்மார்கள் மனம்வைத்தால் அது இங்கும் நடக்கும்.

உஸ்தாதுமார்களுக்கும் ஒரு சொல். ஊதியம் உயரும்போது பொறுப்பும் உயர்கிறது. பிரம்பைக் கீழே வைத்துவிட்டு, பாடத்திட்டத்தோடும் தயாரிப்போடும் வகுப்புக்குள் நுழைவது நம் கடமை. குர்ஆனின் பொருளைப் பிள்ளைக்குப் புரியும் தமிழில் சொல்ல நாம் கற்கவேண்டும்.

மறுமையில் மினாராவின் உயரம் நம்மைக் காப்பாற்றப் போவதில்லை. நம் பிள்ளைக்கு அலிஃப், பே சொல்லிக்கொடுத்தவர் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று கேட்கப்பட்டால், பதில் வைத்திருக்கிறோமா? தீனைக் கற்பிப்போரைக் கண்ணியப்படுத்தும் சமுதாயமாக நம்மை வல்ல ரஹ்மான் ஆக்கியருள்வானாக! ஆமீன்.