உள்ளே முத்தா, மாணிக்கமா?

சிங்கப்பூரின் தேக்கா நகைக்கடைகளில் தொங்கும் கொலுசுக்குச் சலங்கை வெளியே தெரியும். சிலப்பதிகாரத்துச் சிலம்பு வேறு வகை: உள்ளே குழலாக இருக்கும், அதற்குள் இட்டு மூடிய பரல்கள்தாம் ஒலிக்கும். இதைச் சொல்லாமல் பாடம் நடத்தினால், பாண்டியன் அவையில் கண்ணகி ஏன் சிலம்பை உடைக்கிறாள் என்று சிங்கப்பூர்ப் பிள்ளைக்கு விளங்காது. வெளித்தோற்றத்தில் அரசியின் சிலம்பும் கண்ணகியுடையதும் ஒன்றுபோலவே இருந்தன. கண்ணகியின் கணவன் கோவலனே அரசியின் சிலம்பைத் திருடியவன் என்ற பொற்கொல்லனின் பொய் எடுபட்டு, அவன் கொல்லப்பட்டதும் அதனால்தான். அரசியுடையதில் முத்து, கண்ணகியுடையதில் மாணிக்கம்.

முத்து பாண்டியரின் கொற்கைக் கடல் தந்த செல்வம். வெண்மையும் குளிர்ச்சியும் கொண்டது. மாணிக்கமோ கனல் நிறம். பிற காவியங்களில் இப்படிப்பட்ட முரண் அழகுக்காக நின்றுவிடும். இளங்கோவடிகள் அதையே வழக்கின் சாட்சியாக்கிவிட்டார். மதுரையைத் தீ தின்னப்போவதை அந்தச் சிவப்புக் கல்லிலேயே நான் காண்கிறேன்.

முரண் அதற்கும் வெகு முன்பே, புகாரில் ஓர் அந்திமாலையில் தொடங்கிவிடுகிறது. ஒரே நிலவு. ஆடல்மகள் மாதவி நிலாமுற்றத்தில் கோவலனோடு இருக்கிறாள். அவனைப் பிரிந்திருக்கும் கண்ணகி காலில் சிலம்பில்லை, கண்ணில் மையில்லை. இருவரையும் ஒரே காதையில் அடுத்தடுத்து நிறுத்திவிட்டுக் கவிஞர் ஒதுங்கிக்கொள்கிறார். தீர்ப்புச் சொல்வது நம் வேலை.

பின்னர் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது வருவது தற்குறிப்பேற்ற அணி. இயல்பாக நடப்பதன்மேல் கவிஞர் தம் கருத்தை ஏற்றிச் சொல்வது அது. மதில்மேல் கொடி காற்றில் ஆடுகிறது. ‘வராதீர்கள்’ என்று கைகாட்டுவதுபோல இருக்கிறது என்கிறார். வைகை பூக்களால் மூடிக் கிடக்கிறது. நடக்கப்போவதை அறிந்து வந்த கண்ணீரை அந்த நதிப்பெண் மறைத்துக்கொண்டாளாம். கோவலனுக்கும் கண்ணகிக்கும் அது வெறும் பூ மிதக்கும் ஆறு. வியந்தபடியே மரப்புணையில் கடந்துபோகிறார்கள். வாசகனுக்குக் கண்ணீர் தெரிகிறது, கணவன் மனைவிக்குத் தெரியவில்லை. வர்ணனைதானே என்று இந்த இடத்தைத் தாண்டிப் போகிறவர்களுக்குக் கோவலன் கொலை ஒரு செய்தியாக மட்டுமே வந்து சேரும்.

மேடையில் பெரும்பாலும் நேரே, கண்ணகி பாண்டியனிடம் வழக்காடும் வழக்குரை காதைக்குத்தான் போகிறோம். கண்ணகியின் முழக்கத்துக்குக் கைதட்டல் உறுதி என்பதும் ஒரு காரணம். ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவுக்கு இக்கதையை எடுப்பவர்கள் அந்த வைகைக் கரைக்கும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.